அன்னவாசல் மேட்டில் ஒரு ‘டக டக’

போன ஞாயிற்றுக்கிழமை, அன்னவாசல் தாண்டி ஒரு மேட்டில், ஓடுகிற காருக்குள் செல்போனை நீட்டிப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தேன். மறுமுனையில் குவைத்!

புதுக்கோட்டையில் என் பக்கத்து வீட்டுக்காரி ரஹ்மத். அவள் கணவர் காதர் குவைத்தில் லாரி ஓட்டுகிறார். அவர் விட்டுப்போன பழைய காரில்தான், இடுப்பு எலும்பு முறிந்த தன் அம்மாவை வாராவாரம் திருச்சி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போகிறாள். அந்த அம்மாவால் பஸ் ஏற முடியாது.

கொஞ்ச நாளாக, மேடு ஏறும்போதெல்லாம் காருக்குள் ‘டக டக டக’ — டப்பாவில் கூழாங்கல்லைப் போட்டுக் குலுக்கியதுபோல. வேறு பங்க்கில் பெட்ரோல் போட்டுப் பார்த்தாள். போகவில்லை. மெக்கானிக் ஒருவர், “இன்ஜினை எறக்கிப் பாத்துரணும்” என்றார். இறக்கினால் என்றைக்கு ஏற்றுவார்? அதுவரை அம்மாவுக்கு என்ன வழி?

வேடிக்கை என்னவென்றால்... வாசலில் நிற்கும்போது சத்தமே வராது. வீடியோ காலில் கேட்டுவிட்டு, “ஒண்ணுமில்லையே” என்பார் காதர்.

“மேடு ஏறி இன்ஜினுக்கு லோடு விழுந்தாத்தான் மச்சான் தட்டுது,” என்றாள் ரஹ்மத். “ அக்காவ கூட்டிக்கிட்டு மேட்டுக்கே போறேன், காதால கேளுங்க.”

அந்த அக்கா நான்தான்.

மேடு வந்தது. டாப் கியரிலேயே ஆக்சிலேட்டரை மிதித்தாள். டக டக டக!

“கேட்டுருச்சு, நிறுத்து!” காதர் கத்தினார். “டைமிங்கா இருக்கும். டிஸ்ட்ரிபியூட்டரை ஆட்டிப் பாரு.”

இன்ஜினுக்குள் பெட்ரோலைப் பற்றவைக்கும் தீப்பொறியைப் பிரித்து அனுப்புவது அதுதானாம்; அதைத் திருப்பினால் பொறி விழும் நேரம் மாறுமாம். பிஸ்டன் மேலே வந்து சேரக் கொஞ்சம் முன்னால் பொறி விழ வேண்டும். ரொம்ப முந்திவிட்டால், உள்ளே அழுத்தம் எகிறி, மிச்சப் பெட்ரோல் தானாகவே வெடிக்கும். அதுதான் அந்தத் தட்டல்.

இன்ஜினை அணைத்து பானட்டைத் தூக்கினோம். கையில் துணியைச் சுற்றிக்கொண்டு ரஹ்மத் தொட்டதும் டிஸ்ட்ரிபியூட்டர் சுலபமாகத் திரும்பியது. பிடித்திருக்க வேண்டிய போல்ட் லூஸ்!

“எந்தப் பக்கம் திருப்பணும் மச்சான்?”

லைன் கட்.

இங்கிட்டா, அங்கிட்டா? நான் சொன்ன பக்கம் துளி திருப்பி, போல்ட்டை முறுக்கி ஓட்டினாள். சத்தம் இன்னும் மோசம். அதோடு என் யோசனைக்கு மதிப்பு போயிற்று. அடுத்து எதிர்ப்பக்கம். சத்தம் போயே போச்சு — கூடவே வண்டியின் இழுவையும்! மொபெட்டில் புல்லுக்கட்டோடு வந்தவர் எங்களைத் தாண்டிப் போனார்.

“ரொம்பத் திருப்பிட்டேன்க்கா.”

மறுபடி இறங்கி, ஒரு மயிரிழை பழைய பக்கமே திருப்பி, போல்ட்டை இறுக்கினாள். கையெல்லாம் கிரீஸ். வெயிலில் நிற்கிறோம் என்ற நினைப்பே இல்லை எங்களுக்கு. ஒரு சத்தத்தின் காரணத்தைத் துரத்துவதில் இத்தனை ருசியா?

மறுபடி மேடு. வண்டி இழுத்தது. சத்தம்... இல்லை! ரஹ்மத் சிரித்தாள், கண் கலங்கியிருந்தது. “வார வாரம் அம்மாவ கூட்டிட்டுப் போயிரலாம்க்கா.”

எப்போது சத்தம் வருகிறதோ, அப்போது கூட இருந்தால்தான் அது காதில் விழுகிறது. நாமோ, நிற்கிற இடத்தில் பார்த்துவிட்டு ‘ஒண்ணுமில்லை’ என்று சொல்லிவிடுகிறோம் — கார் விஷயத்தில் மட்டுமா?

காதர் மறுபடி லைனில் வந்தார். “இன்னும் தட்டுதா?”

“இல்ல மச்சான். வச்சிரட்டுமா?”

“வைக்காத. வீடு வரைக்கும் ஓட்டு... கேட்டுக்கிட்டே வாரேன்.”

ரிப்பேர் முடிந்த பிறகும் காது கொடுக்கிற ஒரு மெக்கானிக்கை அன்றுதான் பார்த்தேன்!