கோதண்டத்தின் காலிக் கொட்டகை

காசிமேட்டுக் கன்னியம்மா மீன் விற்கக் கூவினால் ராயபுரத்தில் தூங்குகிற பிள்ளை எழுந்து உட்காரும். ஐம்பத்திரண்டாம் வருஷம் காலில் கட்டுமரம் விழுந்து, கூடை தூக்க முடியாமல் போயிற்று. காலடிப்பேட்டையில் டூரிங் டாக்கீஸ் போட்டிருந்த கோதண்டம்தான் கூப்பிட்டு, டிக்கெட் கொடுக்கிற வேலை தந்தார். புண்ணியவான்!

கொட்டகையா அது! மாதக்கணக்காக ஒரே படம். கதாநாயகி பாட வாயைத் திறந்தால் பிலிம் அறுந்துவிடும். மணலில் இரண்டு நாய், பெஞ்சில் ஒரு கிழவர். அவரும் தூங்க வந்தவர். ஆனாலும் ஆட்டம் முடிந்ததும் கோதண்டம், "நல்ல வசூல்" என்று சிரித்தபடி வெற்றிலை போடுவார். சம்பளமும் தேதி தவறாமல் வந்துவிடும்.

கன்னியம்மாவுக்குத்தான் மனசு ஆறவில்லை. கூடையில் மீனை மிச்சம் வைத்துக்கொண்டு வீடு திரும்புகிற வழக்கம் அவள் வம்சத்திலேயே கிடையாது. காலி மணலைப் பார்க்கப் பார்க்க வயிறு எரிந்தது. ஒரு நாள் நொண்டிக்கொண்டே விம்கோ நகர் போய், தீப்பெட்டி ஆலை விடுகிற நேரத்துக்கு அதன் வாசலில் நின்றாள்.

"வா நைனா, வா! இப்பத்தான் கரைக்கு வந்த படம்! துள்ளிக்கினு கீது! நாலு டிக்கெட் எடுத்தா ஒண்ணு கொசுறு!"

முழுப் பொய். ஆனால் குரலாச்சே! ஜனம் திமுதிமுவென்று வந்தது. பிலிம் அறுந்தால் விசில், ஒட்டினால் அதைவிடப் பெரிய விசில். சில நாளில் கொட்டகை பிதுங்கியது. கன்னியம்மாவுக்குத் தலைகால் புரியவில்லை.

கோதண்டம் தலையில் அடித்துக்கொண்டு ஓடி வந்தார். "கஸ்மாலம்! யாரு உன்ன ஆள் சேக்கச் சொன்னது?"

"கூட்டம் வந்தா நல்லதுதானே மொதலாளி?"

அவளைத் திரைக்குப் பின்னால் இழுத்துப் போய்க் குரலைத் தாழ்த்தினார். "நானும் என் கூட்டாளி தேசப்பனும் கப்பல்ல வர்ற திருட்டுத் தங்கத்த விக்கிறோம். அந்தத் துட்ட அப்டியே பேங்குல போட்டா சர்க்கார் கேப்பான். அதான் டிக்கெட் வித்த துட்டுன்னு காட்டறோம். காலியா கீற எடத்துல எல்லாம் ஆள் உக்காந்தா மாரி கணக்கு. இப்போ நெஜமாவே ஆள் உக்காந்துட்டா, என் ஆளுங்கள எங்கம்மா உக்கார வெப்பேன்?"

கன்னியம்மா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "இல்லாத ஆளுங்களுக்கு எடமில்லன்னா அழுவுற?"

"சிரிக்காத! நாளைக்கு இந்தக் கூட்டம் உள்ள வந்தா உனுக்கு வேல கெடயாது."

சிரிப்பு நின்றது. இந்தக் காலை வைத்துக்கொண்டு வேறு எங்கே போவாள்? மறுநாள் "படம் இல்லை" என்று சொல்லி விரட்டத்தான் வாசலில் நின்றாள். முதல் ஆளாக முத்தம்மா என்கிற ஆலைத் தொழிலாளி, வேலை முடித்து, தலையில் பூ வைத்து, மூன்று பிள்ளைகளுக்கும் பவுடர் பூசிக் கூட்டி வந்து நிற்கிறாள். மனசு கேட்குமா?

"வா வா, முன்னாடி போய் உக்காரு!"

அவ்வளவுதான், பின்னாலேயே ஊர் நுழைந்துவிட்டது. கன்னியம்மா டிக்கெட்டைக் கிழித்துக்கொண்டே இருந்தாள்.

படம் தொடங்கியதும் தேசப்பன் பண மூட்டையோடு ஜட்காவில் வந்து இறங்கினான். கன்னியம்மா குறுக்கே கையை நீட்டினாள். "எடமில்ல."

"நான் படம் பாக்க வரல. இத்த மொதலாளியாண்ட குடுக்கணும்."

"அத்த உக்கார வெக்கத்தான் எடமில்லன்றேன்."

தேசப்பன் கத்திய கத்தலில் கோதண்டம் ஓடி வந்தார். உள்ளே எட்டிப் பார்த்த தேசப்பன், "இனிமே உன் சங்காத்தமே வேணாம்" என்று மூட்டையோடு வண்டியேறினான். வேலை போச்சு என்று கன்னியம்மா ஸ்டூலை விட்டு எழுந்தாள்.

அந்த நேரம் பார்த்துப் பிலிம் அறுந்தது. விசிலில் கொட்டகையே ஆடியது. கோதண்டம் திரும்பி, அத்தனை முகங்களையும் ஒரு நிமிஷம் பார்த்தார்.

"எங்க கெளம்பிட்ட? உக்காரு," என்று எரிந்து விழுந்தார். "இந்த அறுந்த படத்த இன்னும் எத்தினி நாளுதான் பாப்பாங்க? நாளைக்குப் புதுசு எடுத்தாரணும்."