கிளீன் பண்ணிரட்டுங்களா

ராயபுரத்தில் செல்போன் ரிப்பேர் பார்க்கும் அந்த மனிதரை நினைத்தால் இன்றும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. நெற்றி நிறையத் திருநீறு, குழைந்த பேச்சு. எந்தப் போனானாலும் திருப்பித் தருவதற்கு முன் சார்ஜர் ஓட்டையை ஊசியால் குடைந்து சுத்தம் செய்வார். எங்கள் ஊர்ப் பனியன் கம்பெனிக்காரர்களின் போனில் பஞ்சு அடையாமல் இருக்குமா?

மெமரி கார்டில் இருந்த பேக்கப்பை ஏற்றியதும் என் போனில் பைல்களின் பெயர்கள் மட்டும் வந்தன, எதுவும் திறக்கவில்லை. இறந்துபோன அக்காவின் குரல் பதிவுகள் அத்தனையும் அதில்தான். அவரிடம் கொண்டுபோனேன்.

"பைல் சிஸ்டமே கெட்டுப்போச்சுங்க" என்றவர், வெகுநேரம் போராடி ஒரு பதிவை ஓட வைத்தார்.

"சாப்பிட்டயா கண்ணு?" அக்காவேதான்.

"கிளீன் பண்ணிரட்டுங்களா?" என்றார்.

பஞ்சைத்தான் சொல்கிறார் என்று தலையாட்டினேன். அவர் பாஷையில் கிளீன் என்றால் போனையும் கார்டையும் மொத்தமாக அழிப்பதாம். அழித்துவிட்டார்.

"யோவ், எங்கக்கா பேசுனது காதுல கேட்டுதா இல்லியா?" என்று கத்தினேன்.

"கேட்டுட்டுத்தானுங்க பண்ணுனேன்" என்றார். சொல்லிக்கொண்டே ஊசியை எடுத்து, அப்போதுதான் பஞ்சைக் குடைய ஆரம்பித்தார்.

அந்த 'ங்க'வைத்தான் இன்னும் என்னால் மன்னிக்க முடியவில்லை.