கோச் கொடுத்த தண்ணீர்

எங்கள் ஊர் உதைபந்தாட்ட அணியின் கோச் விலகிப் போய் ஐந்து மாதமாகிறது. ஆள் போனாலும் அவரைப் பற்றிய பேச்சு போகவில்லை. அஸர் தொழுதுவிட்டுப் பள்ளிவாசலுக்கு எதிரே உள்ள தேநீர்க் கடைக்குப் போனால், இஞ்சிப் பிளேன்டீ வருவதற்கு முன்னமே யாராவது அவரை இழுத்துக்கொண்டு வந்து மேசையில் போட்டுவிடுவார்கள்.

அவருக்காக எப்போதும் வழக்காடினவர் ஓர் ஓட்டோக்காரர். "அந்த மனிசன் வரக்குள்ள நம்மட டீம் எப்பிடிக் கிடந்த? பந்தக் கண்டா பதினொரு பேரும் ஒரே பக்கம் ஓடுவானுகள், கோழிக்குத் தீன் எறிஞ்ச மாதிரி. அவர் வந்துதானே பந்த நிலத்தில உருட்டப் பழக்கின?"

எதிர்க்கட்சிக்குத் தலைவர் நெல் வியாபாரி. "ஓம் ஓம், நல்லா உருட்டின. ரெண்டு ஃபைனல்லயும் பெனால்டியில தோத்த. தோக்கிறத்துக்கு நிந்தவூர்ல இரிந்து ஒராளக் கூட்டி வரணுமா? நம்மட ஊர்ல ஆள் இல்லையா?"

கடையே சிரிக்கும். நானும் சிரித்திருக்கிறேன். நெல் வியாபாரியின் தங்கை மகன்தான் எங்கள் இடது ஓரத்து ஆட்டக்காரன். பயிற்சிக்கு நேரம் பிந்தி வந்தான் என்று அரையிறுதி முழுக்க அவனைக் கோச் விளையாட இறக்காமல் ஓரத்து வாங்கில் உட்கார வைத்திருந்தார். மாமாவின் கோபம் அங்கிருந்துதான் வருகிறது என்பது எல்லோருக்கும் தெரியும், ஓட்டோக்காரரும் அதைச் சொல்லிக் காட்டுவார். அப்போது நெல் வியாபாரி கோப்பையைக் கீழே வைத்துவிட்டுக் கடைசிப் பேச்சை எடுப்பார்.

"அதெல்லாம் கிடக்கட்டும். நோம்போட இரிந்த பொடியனுக்குத் தண்ணி பருக்கின ஆளையா நீ நல்ல மனிசன் எண்டு செல்ற?"

அத்தோடு ஓட்டோக்காரர் அடுத்த பிளேன்டீக்குச் சொல்லிவிடுவார். நான் என் கோப்பையைப் பார்த்துக்கொண்டு இருப்பேன். ஏனென்றால் அந்தப் பேச்சு ஊருக்குள் வந்தது என் வாயால்தான்.

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். ஹார்ட்வெயார் கடை வைத்திருக்கிறவனுக்கு நாள் முழுக்க நாலு பேரோடு கதைத்தால்தான் வியாபாரம் என்று என் மனைவியிடம் சமாளிப்பேன். "ஒங்கட வாயில இரும்பு யாவாரம் மட்டுமா நடக்குது?" என்று அவள் கேட்பாள். அவள் சொல்வது சரிதான்.

கடந்த நோன்பு மாதத்தில் ஒரு நாள், பிள்ளைகளின் பயிற்சியைப் பார்க்கலாம் என்று அஸருக்குப் பிறகு கடற்கரை மைதானத்துக்குப் போனேன். மதிலுக்கு இந்தப் பக்கம் நின்றபடி பார்த்தேன். கோல் கம்பத்துக்குப் பின்னால் எங்கள் கோல் கீப்பர் நிலத்தில் குந்தியிருக்கிறான். கோச் அவனுடைய பிடரியைப் பிடித்து, போத்தலை வாயில் வைத்துக் கொடுக்கிறார். கொடுக்க முதல் இரண்டு பக்கமும் திரும்பி யாரும் பார்க்கிறார்களா என்று பார்த்தார். அதுதான் எனக்குப் போதுமாக இருந்தது. மதிலைச் சுற்றிப் போய் "என்ன சேர், பொடியனுக்கு என்ன?" என்று கேட்க அரை நிமிடம் ஆகியிருக்காது. நான் கேட்கவில்லை.

நேரே பள்ளிவாசலுக்குப் போனேன். நோன்பு திறக்க இன்னும் அரை மணித்தியாலம் இருந்தது. கஞ்சிக் கோப்பைகளை வரிசையாக வைத்துவிட்டு எல்லோரும் உட்கார்ந்திருந்தார்கள். வயிறு காய்ந்து, தொழுகைக்கும் நேரம் வராமல், பேச்சைத் தவிர வேறு வேலை இல்லாத நேரம் அது. பக்கத்தில் இருந்த, எனக்கு அண்ணன் மாதிரியான ஒருவரிடம் சொன்னேன், "கண்டயளா காக்கா, கோச் பொடியன்ட நோம்ப முறிக்கிறார், மெட்ச் வெல்லோணும் எண்டு." நோன்பை வாயில் வைத்துக்கொண்டே புறம் பேசினேன். பாங்கு சொல்வதற்குள் பேச்சு வரிசையின் மறுமுனைக்குப் போய்விட்டது.

அடுத்த வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகை முடிந்ததும் கழகத்தார் கூடிக் கோச்சைக் கூப்பிட்டார்கள். கதவோரத்தில் நானும் நின்றேன்.

"பொடியனுக்குத் தண்ணி குடுத்த உண்மையா?"

"ஓம், குடுத்தன்."

"என்னத்துக்கு?"

"அதச் செல்ல ஏலாது."

அவ்வளவுதான் அவர் சொன்னது. நெல் வியாபாரி சத்தம் போட்டார். பிற ஊர்க்காரனுக்கு எங்கள் பிள்ளைகளின் தீனும் மார்க்கமும் எங்கே விளங்கும் என்று இன்னொருவர் கேட்டார், நிந்தவூரில் பள்ளிவாசலே இல்லாத மாதிரி. கோல் கீப்பர் அந்தக் கூட்டத்துக்கு வரவில்லை. கோச் விசிலையும் மைதானத்துச் சாவியையும் மேசையில் வைத்துவிட்டு, ஸலாம் சொல்லி, மோட்டார் சைக்கிளில் ஏறிப் போனார். நான் ஒரு நல்ல காரியம் செய்துவிட்டதாகத்தான் அன்றைக்கு நினைத்தேன்.

பெருநாள் கழிந்து இரண்டு மாதத்தில் கோல் கீப்பருக்குக் கல்யாணம் நடந்தது. எங்கள் பக்கத்து வழக்கப்படி மாப்பிள்ளையாகப் பெண் வீட்டுக்குப் போனான். ஒரு நாள் வெளிக் கதவுக்குப் பூட்டு வாங்க என் கடைக்கு வந்தான். என் வாய் சும்மா இருக்குமா? "வா, நோம்பு புடிக்காத மாப்பிள்ள" என்றேன், பகிடியாக.

அவன் முகம் விழுந்துவிட்டது. கடையில் யாரும் இல்லை என்று பார்த்துக்கொண்டு சொன்னான். "காக்கா, எனக்குப் பதினைஞ்சு வயசில இரிந்து சீனி வருத்தம். இன்சுலின் அடிக்கிறன். நோம்பு புடிக்காத எண்டு சேர்தான் சென்ன. நான்தான் வெக்கத்தில கேக்கல்ல. அண்டைக்குச் சீனி இறங்கி நடுங்கி விழுந்துட்டன். சேர் குளுக்கோஸ் கரைச்சுத் தராட்டி நான் இண்டைக்கு இல்ல."

"அத ஏன்டா கூட்டத்தில செல்லல்ல?"

"கல்யாணம் பேசி முடிச்சிரிந்த. வெளிய தெரிஞ்சா முறிஞ்சிரும். சேர் ஒண்டு மட்டும் சென்னார், பொண்ணுக்கு மறைக்காத, அதுக்கிட்ட நீயே செல்லு, மத்தாக்களுக்கு நான் வாய் திறக்க மாட்டன் எண்டு. பொண்ணுக்கிட்டச் சென்னன். அது ஓமெண்ட. மாமிக்கும் மாமாக்கும் இன்னும் தெரியா. ஊசி மருந்த அந்த வீட்டு ஃபிரிஜ்ஜில வெக்க ஏலாம ஒவ்வொரு நேரமும் உம்மாட வீட்ட ஓடுறன். அல்லாவுக்காகச் செல்லிராதீங்க காக்கா."

பூட்டுக்குக் காசு வாங்காமல் அனுப்பினேன். ஒரு மனிதனுடைய பெயரை நான் அப்படியே கொன்றுவிட்டேன், அவரோ ஒரு பிள்ளையின் மானத்துக்காக அதை ஏற்றுக்கொண்டு போயிருக்கிறார். நிந்தவூருக்குப் போய் அவர் காலில் விழ வேண்டும் என்று நினைத்தேன். பஸ் ஏறினால் கொஞ்ச நேரப் பயணம். இந்த வெள்ளி போவோம், அடுத்த வெள்ளி போவோம் என்று தள்ளினேன். நிந்தவூர் என்ன லண்டனிலா இருக்கிறது? வெட்கம்தான், வேறொன்றுமில்லை.

நான் போகவில்லை, அவர்தான் வந்தார். போன கிழமை, கச்சான் காற்று வீதிப் புழுதியையெல்லாம் கடைக்குள் கொட்டிக்கொண்டிருந்த ஒரு பகல். மோட்டார் சைக்கிளைப் படியோரம் நிறுத்திவிட்டு உள்ளே வந்து ஸலாம் சொன்னார். மக்காவுக்கு உம்றாப் பயணம் போகிறாராம். அப்படிப் போகிறவர்கள் அதற்கு முன் பழகின எல்லோருடைய வாசலுக்கும் போய்ப் பிழை பொறுக்கச் சொல்லிக் கேட்பார்கள். பிழை செய்தவரும் கேட்பார், செய்யாதவரும் கேட்பார். சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த வழக்கம்.

"கிறவுண்ட்ல நிண்டு எத்தினையோ நாள் சத்தம் போட்டிரிப்பன். ஒங்கட ஊர் டீம், ஒங்களுக்கு மனசு நொந்திரிக்கும். பிழை பொறுத்துக்கோங்க" என்றார்.

சொல்ல வேண்டியது எனக்குத் தெரிந்திருந்தது. நீங்கள் இல்லை சேர், நான்தான் கேட்க வேண்டும். அந்த ஒரு வரிதான். அதே நேரம் ஒருவர் ஆணி கேட்டு உள்ளே வந்தார். "பொறுத்துட்டன் சேர்" என்றேன். ஆம், நான் அவரை மன்னித்தேன். அவர் என் கையை இரண்டு கையாலும் பிடித்துவிட்டுப் போனார். என் மீது எனக்கே அருவருப்பாக இருந்தது.

அன்று பின்னேரம் தேநீர்க் கடையில் நெல் வியாபாரிக்குத் தனிச் சந்தோஷம். தன் வீட்டுக்கும் வந்தாராம். "கண்டயளா, ஊடு ஊடாப் போய்ப் பிழை பொறுக்கச் செல்லிக் கேக்கிறார். பிழை செய்யாத மனிசன் ஏன் கேக்கப் போறான்? அப்ப நம்ம சென்ன சரிதானே?"

"உம்றாக்குப் போற எல்லாரும் கேக்கிறதான" என்றார் ஓட்டோக்காரர்.

"எல்லாரும் கேப்பாங்க. ஆனா இவர் நோம்பு விசயத்தக் கண்டு சென்ன ஆள்ட்டயே போய்க் கேட்டிரிக்கார்." அவர் என் பக்கம் திரும்பினார். "ஒங்கட கடைக்கும் வந்தாராமே?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். பிள்ளையின் சீனி வருத்தத்தைச் சொல்லாமலே நான் பேசியிருக்கலாம். நான் விசாரிக்காமல் சொன்னேன், அவர்மீது பிழை இல்லை என்றால் போதும். என் பெயர் கொஞ்சம் கெடும், அவ்வளவுதானே. ஓட்டோக்காரர் நான் ஏதாவது சொல்ல மாட்டேனா என்ற மாதிரி என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஓம், வந்தார்" என்றேன்.

ஓட்டோக்காரர் எழுந்து காசைக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். அதற்குப் பிறகு அவர் அந்தப் பேச்சை எடுக்கவே இல்லை. கோச் இப்போது மக்காவில் இருக்கிறார். அன்று என் கடை வாசலில் மோட்டார் சைக்கிளில் ஏறும்போது, கஃபாவைக் கண்டதும் இறைவனிடம் யார் யாருக்காக முதலில் துஆக் கேட்பாரோ அந்த ஆட்களில் என்னையும் சேர்த்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டுத்தான் போனார்.