பூசணித் தண்டின் குறுக்குவெட்டு

கல்லூரியில் தாவரவியல் ஆய்வகத்தில் என் பக்கத்தில் நின்றவள் போடி ஏலக்காய் வியாபாரியின் மகள். குறுக்குவெட்டு என்றால் தண்டைக் குறுக்கே, வெங்காயச் சருகு கனத்தில் பிளேடால் சீவ வேண்டும். நான் சீவியது சாம்பாருக்குத்தான் ஆகும். அவள் சீவியது தண்ணீரில் மிதக்கும். "எல்லாரும் இங்கன வந்து பாருங்க" என்று டீச்சர் அவளுடைய மைக்ராஸ்கோப்புக்கே கூப்பிடுவார். உள்ளே சிவப்புச் சாயமேறிய பூசணித் தண்டு, மார்கழிக் கோலம் மாதிரி இருக்கும். எனக்கு வயிறு எரியும்.

அவளுக்கும் எனக்கும் தனித்தனியே கல்யாணமாகிக் குடும்பமான பிறகு ஒருநாள் அவள் வீட்டில் சாப்பிட்டேன். பாகற்காய் வறுவல் வைத்தாள். ஒரு வட்டத்தை எடுத்து ஜன்னல் பக்கம் பிடித்தேன், வெளிச்சம் தெரிந்தது.

"எப்படிடி இருக்கு?" என்றாள்.

"உப்புதான் கம்மி" என்றேன்.

உப்பு சரியாகத்தான் இருந்தது.