வெர்லின் டாக்கெட்டின் வளையாத குழல்

எங்கள் பக்கத்தில் ஒருவர் சுட்டது தவறிப்போனால் துப்பாக்கியைத்தான் திட்டுவோம், சுட்டவரைத் திட்ட மாட்டோம். மிசூரியின் தெற்கு மலைகளில் இது எழுதாத சட்டம். வான்கோழி தப்பிவிட்டதா? தோட்டா ஈரம் பட்டிருக்கும். காற்று குறுக்கே வீசியிருக்கும். குறி நகர்ந்திருக்கும். தீவனக் கடையின் பின்கட்டில் துப்பாக்கி பழுது பார்க்க ஒரு மேசை போட்டு உட்கார்ந்திருக்கும் எனக்கு இந்த மரியாதையால்தான் சோறு கிடைக்கிறது. இதே மரியாதையால்தான் வெர்லின் டாக்கெட்டின் வலது கண் போயிற்று. அதில் என் பங்கு என்ன என்பதை இப்போதே சொல்லத் தொடங்கிவிட்டால்தான் உண்டு. பிறகு எனக்குத் தைரியம் வராது.

வெர்லின் நாற்பத்தொரு வருடம் மர ஆலையில் அறுப்புக்காரராக இருந்தவர். விஸ்கிப் பீப்பாய்க்கு வெள்ளை ஓக் பலகை அறுக்கும் ஆலை. அறுக்க வேண்டிய மரக்கட்டை வாளின் முன்னால் ஓடும் வண்டியில் ஏறியதும் இடது கண்ணை மூடி, வலது கண்ணால் ஒரு தரம் நீளமாகப் பார்ப்பார். "இந்தப் பக்கம் அரை விரல் தள்ளு" என்பார். மேஸ்திரி அளவுநாடா எடுத்து அளப்பார். அரை விரல்தான் இருக்கும். கொஞ்ச நாளில் மேஸ்திரி நாடாவை வீட்டிலேயே வைத்துவிட்டு வரத் தொடங்கினார். ஒரு ஞாயிற்றுக்கிழமை பிரசங்கத்தின் நடுவே எழுந்து, "பாஸ்டர், சிலுவை சாஞ்சிருக்கு, எனக்கு ஒண்ணும் காதுல ஏறல" என்று சொன்ன ஆள் அவர். சபையே முகம் சுளித்தது. இறக்கி அளந்தார்கள். சாய்ந்துதான் இருந்தது. அதற்குப் பிறகு அவர் வீட்டுக்கு வருகிறார் என்றால் பெண்கள் சுவரில் மாட்டிய படங்களையெல்லாம் ஒரு தரம் சரிபார்த்துவிட்டுத்தான் கதவைத் திறப்பார்கள்.

ஓய்வு பெற்று இரண்டு வருடம். ஏப்ரல் மாத வான்கோழி வேட்டை ஒன்றுதான் அவருக்கு மிச்சமிருந்தது. மூன்று வாரம், தினமும் மதியம் ஒரு மணி வரை. மற்ற நாற்பத்தொன்பது வாரமும் அந்த மூன்று வாரத்துக்கான காத்திருப்பு.

பிப்ரவரியில் ஒரு செவ்வாய்க்கிழமை துப்பாக்கியைக் கொண்டுவந்து என் மேசைமேல் வைத்தார். பழைய பன்னிரண்டு போர் ரவைத் துப்பாக்கி, குழல் நுனியில் குறி பார்க்க ஒரே ஒரு பித்தளை மணி.

"லானி, குழல் வளைஞ்சு போச்சு."

"எங்க விழுந்துச்சு?"

"எங்கயும் விழல. நடுவுல ஒரு வளைவு. மணிக்கு ஒரு அடி இந்தப் பக்கம் பாம்பு மாதிரி நெளியுது. நீயே பாரு."

பார்த்தேன். ஒன்றும் தெரியவில்லை. எஃகு அளவுகோலைக் குழலின் மேல் வைத்து, அடியில் விளக்கைப் பிடித்தேன். ஒரு நூல் வெளிச்சம்கூட உள்ளே வரவில்லை. அவரிடம் கொடுத்தேன். இடது கண்ணை மூடி நிதானமாகப் பார்த்தார்.

"உன் ஸ்கேலும்ல கோணலா இருக்கு!"

நான் விழுந்து விழுந்து சிரித்தேன். தீவன மூட்டை வாங்க வந்த இரண்டு பேரைக் கூப்பிட்டு இதைச் சொல்லி அவர்களையும் சிரிக்க வைத்தேன். வெர்லினும் சிரித்தார். இரண்டு கண்ணும் திறந்திருந்தால் அவருக்கு எல்லாம் நேராகத்தான் இருந்தது, இடது கண் நன்றாக இருந்ததால் அதுவே வேலையைப் பார்த்துக்கொண்டது. ஒரு கண்ணை மூடினால்தான் உலகம் வளைந்தது. ஆலையை விட்ட பிறகு அவர் ஒரு கண்ணை மூடுவது பெரும்பாலும் துப்பாக்கியைப் பிடிக்கும்போதுதான். ஆகவே துப்பாக்கியின் மேல் பழி. இதையெல்லாம் இன்று கோவையாகச் சொல்கிறேன். அன்று எனக்குத் தெரிந்தது ஒன்றுதான்: குழல் நேராக இருக்கிறது, ஸ்கேல் நேராக இருக்கிறது. மிச்சம் இருப்பது எது என்று யோசிக்க ஒரு நிமிடம் போதும். அந்த ஒரு நிமிடத்தை நான் செலவழிக்கவில்லை.

"அந்த ஒத்தை மணி உங்களுக்குச் சரிப்படல. நல்ல குறியா ஒண்ணு போட்டுத் தர்றேன்" என்றேன்.

பின்னால் இரண்டு பச்சைப் புள்ளி, முன்னால் ஒரு சிவப்புப் புள்ளி என்று வெளிச்சத்தை வாங்கி மின்னும் இழைக் குறி அது. மணியைக் கழற்றி, குழல் முதுகில் முன்பின் இரண்டையும் திருகி முடுக்கினேன். சனிக்கிழமை இருவரும் ஓடைப் பக்கம் போய், வான்கோழித் தலை வரைந்த காகிதத்தை நாற்பது கெஜத்தில் நட்டோம். வெர்லின் சுட்டார். ரவை முழுவதும் தலைக்கு மேலே இடது ஓரத்தில் கொத்தாக விழுந்தது. இன்னொன்று சுட்டார். அதே இடம்.

"குடு, நான் ஒண்ணு போடுறேன்" என்று வாங்கிச் சுட்டேன். தலையும் கழுத்தும் சல்லடை.

அந்த நேரத்தில் ஓடைக்கரையில் நின்றுகொண்டு நான் என்ன செய்திருக்க வேண்டும்? "வெர்லின், துப்பாக்கி நல்லா இருக்கு, கண்ணைக் காட்டுங்க" என்று சொல்லியிருக்க வேண்டும். ஏழு வயதுப் பிள்ளைகூடச் சொல்லியிருக்கும். ஆனால் அறுபத்தேழு வயது மனிதர், ஊரே கண்ணுக்காகப் பேர் சொல்லும் மனிதர், தன் காகிதத்தையும் என் காகிதத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு தாடையைச் சொறிந்தார்.

"நீங்க கன்னத்தை வைக்கிற விதம் வேற, நான் வைக்கிறது வேற. உங்களுக்குத் தக்கபடி திருப்பிடுறேன்" என்றேன்.

பின்குறியைக் கீழேயும் வலப்பக்கமாகவும் நகர்த்தினேன். மூன்றாவது தோட்டாவை அவர் காகிதத் தலையிலேயே போட்டார். குழந்தையைப் போல முகம் மலர்ந்தது. "பாத்தியா? நான் சொன்னேன்ல, துப்பாக்கிதான்னு!" என்று என் முதுகில் ஓங்கித் தட்டினார். நல்லாயிருந்த துப்பாக்கியை அவருடைய கெட்டுப்போன கண்ணுக்கு ஏற்றபடி கெடுத்துக் கொடுத்துவிட்டு, நானும் கூடச் சேர்ந்து சிரித்தேன்.

பத்து நாளில் மறுபடி வந்து நின்றார். இப்போது எல்லாம் கீழே போகிறதாம்.

"திருகு தளர்ந்திருக்கும்" என்றேன். தளரவில்லை. நான்தான் முடுக்கியது, எனக்குத் தெரியாதா?

அந்த வாரம் அவர் மனைவி ஓலெட்டா கடைக்கு வந்தார். கோழித் தீவனம் வாங்குவதாகப் பெயர். ஓலெட்டா கோழி வளர்ப்பதை விட்டு ஐந்து வருடமாயிற்று.

"லானி, அந்தத் துப்பாக்கியில நெசமாவே கோளாறு இருக்கா?"

"ஏன் கேக்குறீங்க?"

"சமையக்கட்டுக் கதவு நிலையை இழைச்சுத் தள்ளிட்டாரு. வீங்கியிருக்காம். ஒத்தைக் கண்ணால பாத்துப் பாத்து ரெண்டு நாளா இழைக்கிறாரு. இப்ப கதவைச் சாத்தினா என் கை உள்ள போற அளவுக்குச் சந்து. நாப்பது வருஷமா அந்த நிலை வீங்கல. ஆஸ்பத்திரி போவோம்னா என்னைக் கடிக்க வர்றாரு. நீ சொன்னா கேப்பாரு. நீ ஒருத்தன் சொன்னாத்தான் கேப்பாரு."

"சொல்றேன்" என்றேன்.

சொல்லவும் செய்தேன். எப்படிச் சொன்னேன் தெரியுமா? குனிந்து திருகைத் தேடுவதுபோல் பாவனை பண்ணிக்கொண்டு, "எதுக்கும் ஒரு கண்ணாடிக்காரன்கிட்ட காட்டிப் பாக்கலாம், இல்ல?" என்று மேசைக்குச் சொல்வதுபோல் சொன்னேன்.

வெர்லினுக்குக் கழுத்து சிவந்துவிட்டது. "நாப்பத்தொரு வருஷம் மரம் அறுத்த கண்ணுடா இது. உனக்கு வேலை முடியலன்னா முடியலன்னு சொல்லு, நான் வேற ஆளைப் பாத்துக்கிறேன்."

"அய்ய, கோவிச்சுக்காதீங்க. சிவப்புப் புள்ளிக் கண்ணாடி ஒண்ணு போட்டுருவோம். அதுல தப்பே நடக்காது" என்றேன். ஓலெட்டாவிடம் நான் கொடுத்த வாக்கு இத்தனை தூரம்தான் தாங்கியது.

துப்பாக்கியின் முதுகில் நான்கு துளை போட்டு, மரை வெட்டி, தகடு வைத்து, திருகுக்குப் பசை தடவி ஒரு நாள் காயவிட்டேன். அதன்மேல் சின்னக் கண்ணாடி. உள்ளே பார்த்தால் ஒரு சிவப்புப் புள்ளி மிதக்கும், புள்ளியை எதன்மேல் வைக்கிறோமோ அங்கே ரவை போகும். வேலை என்று பார்த்தால் என் கைக்கு அதைவிடச் சுத்தமான வேலை அமைந்ததில்லை.

வெர்லின் தோளில் வைத்துப் பார்த்தார். "புள்ளிக்கு வால் இருக்கு."

"நாப்பதைத் தாண்டினா எல்லாருக்கும் கொஞ்சம் அப்படித்தான் தெரியும்." இது பொய் இல்லை, பாதிப் பேருக்கு அப்படித்தான். அரை உண்மை கையில் கிடைத்தால் கோழைக்கு அதைவிட வசதி வேறில்லை.

"நேராப் பாத்தா மறையுது. கொஞ்சம் ஓரமாப் பாத்தா வருது."

புள்ளியின் வெளிச்சத்தைக் கூட்டி வைத்தேன். "இப்ப?"

"இப்ப பரவால்ல" என்றார். அவரும் பொய் சொன்னார் என்று நினைக்கிறேன். நிதானமாக, ரொம்ப மெதுவாகச் சொன்னார்.

வேட்டை திறந்த முதல் நாள் அவரோடு நானும் போனேன். ஓக் மரத்தடியில் முதுகைச் சாய்த்து அவர் உட்கார்ந்தார், அதே மரத்தின் மறுபக்கம் தள்ளி நான். சூரியன் மேட்டைத் தாண்டியிருந்தது. பெட்டை கூப்பிடுவதுபோல மரப்பெட்டியைத் தேய்த்துக் கூப்பிட்டேன். சரிவில் சேவல் பதில் கொடுத்தது. இன்னொரு தரம் தேய்த்தேன். இன்னும் கிட்டே பதில் வந்தது. கால்மணி நேரத்தில் வெளியே வந்து நின்றது. விரித்த வால், மார்பில் ஒரு சாண் தாடி, சிவப்பும் வெள்ளையும் நீலமுமாகத் தலை. இருபத்தைந்து கெஜம். நாய்க்குட்டிகூட அடித்துவிடும் தூரம்.

வெர்லின் துப்பாக்கியைத் தூக்கினார். நான் மூச்சை அடக்கிக் காத்திருந்தேன். வெடிக்கவில்லை. சேவல் கழுத்தை நீட்டிப் பெட்டையைத் தேடியது. அப்போதும் வெடிக்கவில்லை. துப்பாக்கி கொஞ்சம் ஆடியது, நின்றது, மறுபடி ஆடியது.

"லானி," என்று கிசுகிசுத்தார். வேட்டைக்காட்டில் அவர் வாய் திறந்து நான் கேட்டதே இல்லை. "அதுக்குத் தலை இல்ல."

"சுடுங்க."

"தலை இல்லடா. உடம்பு நிக்குது, வாலு தெரியுது. தலை இருக்கிற இடத்துல ஒண்ணுமே இல்ல."

சேவல் சத்தம் கேட்டு ஒரே பாய்ச்சலில் சரிவில் இறங்கி மறைந்தது. வெர்லின் தோட்டாவை வெளியே எடுத்தார். துப்பாக்கியை மடியில் கிடத்தி, வலது கண்ணைக் கையால் பொத்தினார், திறந்தார். இடது கண்ணைப் பொத்தினார், திறந்தார். உள்ளங்கையை முகத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தார். நான் எழுந்து அவர் பக்கத்தில் போய் நின்றேன். என்ன செய்வதென்று தெரியாமல் மரப்பெட்டியைப் பைக்குள் போட்டேன், வெளியே எடுத்தேன், மறுபடி போட்டேன்.

"ஓலெட்டாகிட்ட நீயே சொல்லிரு" என்றார்.

ஸ்பிரிங்ஃபீல்டு கண் ஆஸ்பத்திரிக்கு நான்தான் வண்டி ஓட்டினேன், ஓலெட்டா பின்சீட்டில். டாக்டர் சின்னப் பெண், பொறுமையாகப் பேசினார். கண்ணின் பின்சுவரில் ரத்தம் கசிந்து, கசிந்த இடம் தழும்பாகிவிட்டது. ஓரப் பார்வை நிற்கும், நடுப் பார்வை திரும்பாது. முதல் சில வாரத்தில் வந்திருந்தால் கண்ணுக்குள் ஊசி போட்டுக் கசிவை நிறுத்தியிருக்கலாம், பார்வையில் பெரும்பங்கைக் காப்பாற்றியிருக்கலாம். இடது கண் இன்னும் நன்றாக இருக்கிறது. கட்டம் போட்ட ஒரு காகிதத்தை வெர்லின் கையில் கொடுத்து, "இதை ஃபிரிட்ஜ்ல ஒட்டி வைங்க. தினமும் காலையில பாருங்க. ஒரு கோடு வளைஞ்சாலும் அன்னைக்கே போன் பண்ணுங்க. மறுநாள்னு தள்ளாதீங்க" என்றார்.

பிறகு எழுதுகோலைத் திறந்துகொண்டு, "நேர்க்கோடு வளைஞ்சு தெரிஞ்சது எப்ப இருந்து?" என்று கேட்டார்.

"பிப்ரவரி. துப்பாக்கிக் குழல்ல பாத்தேன்."

"அப்ப யாருகிட்டயும் சொல்லலையா?"

"சொன்னேனே, இவன்கிட்டதான் சொன்னேன்." வெர்லின் என் பக்கம் தலையைத் திருப்பினார். என் முகத்துக்கு நேரே பார்க்காமல் காதோரமாகப் பார்த்தார், அப்படிப் பார்த்தால்தான் அந்தக் கண்ணுக்கு நான் தெரிவேன். "சமர்த்தன். ரெண்டு தரம் குறி மாத்திப் போட்டுக் குடுத்தான். பாவம், அவனுக்கும் பிடிபடல. பிடிபட்டிருந்தா அன்னைக்கே என்னைத் தூக்கிட்டு வந்திருப்பான்."

டாக்டர் என்னைப் பார்த்தார். நான் ஓலெட்டாவைப் பார்த்தேன். ஓலெட்டா மடியிலிருந்த கைப்பையின் வாயைத் திறந்து மூடிக்கொண்டிருந்தார். அவர் ஒரு வார்த்தை சொன்னால் போதும், என் கதை முடிந்துவிடும். சொல்லட்டும் என்றுதான் வேண்டிக்கொண்டேன். சொல்லவில்லை. அவரும் எங்கள் ஊர்க்காரர்தானே.

திரும்பும் வழியில் வெர்லின் என் பக்கத்தில் உட்கார்ந்து, கண்ணை மூடிக்கொண்டு வந்தார். தூங்குகிறார் என்று நினைத்தேன். ஊர் எல்லை வந்ததும் பேசினார்.

"லானி, இடது தோள்ல வச்சுச் சுடப் பழகிட்டா, அந்தக் கண்ணாடி அதுக்கும் ஆகுமில்ல?"

இப்போதாவது உண்மையைச் சொல்லிவிடு என்று மனம் அடித்துக்கொண்டது.

"ஆகும்," என்றேன். "நாளைக்கே கொண்டாங்க. சரிபண்ணித் தர்றேன்."