ஹார்ட் டிஸ்க்குக்கு ஒரு ஹெட்லைட் பல்பு

எண்பதுகளின் பின்பாதியில், நாமக்கல்லுக்குக் கிழக்கே எருமப்பட்டி சாலையில் இருந்த ஒரு கோழிப்பண்ணையில் நான் கம்ப்யூட்டர் ஆபரேட்டர். கோழிக்கு எதுக்கு கம்ப்யூட்டர் என்று சேலத்தில் தறி ஓட்டிக்கொண்டிருந்த என் சித்தப்பாவில் ஆரம்பித்து தினமும் டிக்கெட் கிழிக்கும் கண்டக்டர் வரை கேட்டார்கள். எலக்ட்ரானிக்ஸ் டிப்ளமோ படித்த பெண்ணுக்கு வேறு வேலை அமையவில்லை போல என்று பரிதாபப்பட்டவர்களும் உண்டு. கேள்வி கேட்டவர்களை மன்னித்துவிட்டேன். பரிதாபப்பட்டவர்கள் மேல் கோபம் இன்னும் தீரவில்லை.

எங்கள் பண்ணையில் கடைக்கு முட்டை போடுவதில்லை. குஞ்சு பொரிக்கும் முட்டைக்காகத் தாய்க்கோழி வளர்த்தோம். ஒவ்வொரு கோழியின் காலிலும் எண் போட்ட வளையம் இருக்கும். எந்தக் கோழி என்றைக்கு முட்டையிட்டது, முட்டையின் எடை என்ன, அந்தக் கோழியின் தாய் எது என்று ஷெட்டில் தாளில் குறித்து அனுப்புவார்கள். நான் அதைக் கம்ப்யூட்டரில் ஏற்றுவேன். ஒரு கூட்டத்தின் முட்டைக்காலம் முடிந்ததும், அடுத்த தலைமுறைக்குத் தாயாக எவற்றை வைத்துக்கொள்வது, கறிக்கு எவற்றை அனுப்புவது என்று அந்தக் கம்ப்யூட்டர் பட்டியல் போட்டுத் தரும். மூன்று வருஷத்து விவரம் அதன் ஹார்ட் டிஸ்க்கில் இருந்தது. அந்த டிஸ்க் ஒரு செங்கல் அளவு இருக்கும், கனமும் அப்படித்தான்.

இனி என் புத்திசாலித்தனத்தைச் சொல்ல வேண்டும். ஆயுத பூஜைக்கு இரண்டு நாள் முன்னால் ஆபீசைச் சுத்தம் செய்தோம். கம்ப்யூட்டரில்தான் எல்லாம் ஏறிவிட்டதே என்று பழைய தாள்களை மூட்டை கட்டி எரிக்கச் சொன்னது நான். பூஜையன்று வேன், தராசு, முட்டையைக் குஞ்சு பொரிக்க வைக்கும் அவயக் கூடம் என்று எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்தார்கள். என் மேஜைக்கு நானே வைத்தேன். கம்ப்யூட்டருக்கு ஒன்று, பிரிண்டருக்கு ஒன்று. டிஸ்க்கின் நகல்கள் இருந்த ஃபிளாப்பிகளை மட்டும் விடலாமா என்று, உறையிலிருந்து எடுத்து வரிசையாக அடுக்கி, ஒவ்வொன்றுக்கும் சந்தனமும் குங்குமமும் வைத்தேன். கை தாராளம். சந்தனம் தண்ணியாக இருந்தது. வழிந்த இடத்தில்தான் ஃபிளாப்பியின் உள்தகடு திறந்திருக்கும் ஜன்னல் இருந்தது.

மறுநாள் விஜயதசமி. நல்ல நேரம் பார்த்து முதலாளி வந்து நின்றார். நாமக்கல் பக்கத்து விவசாயக் குடும்பம், ஐம்பது வயது, அதிகம் பேசமாட்டார். சுவிட்சைப் போட்டேன். உள்ளே காற்றாடி 'டிக்' என்று ஒரு துடி துடித்து நின்றது. மறுபடியும் போட்டேன். அதே துடிப்பு, அதே அமைதி.

"என்னம்மிணி, முழிக்க மாட்டீங்குதா?" என்றார்.

"பாக்கறனுங்க."

டிஸ்க்குக்குப் போகும் மின்சாரச் செருகியைப் பிடுங்கிவிட்டுப் போட்டால் கம்ப்யூட்டர் ஓடியது. செருகினால் நின்றது. ஆக, கோளாறு டிஸ்க்கில். ஃபிளாப்பிகளை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தேன். டிரைவ் கரகரத்தது, படிக்க முடியவில்லை என்று திரையில் வந்தது. இரண்டாவது பெட்டியும் அப்படியே. முதலாளி ஒன்றைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தார். விரலில் சந்தனத் தூள் ஒட்டியது.

"பொட்டு வெச்சது யாரு?"

"நாந்தானுங்க."

அவர் திட்டியிருந்தால் திருப்பிக் கத்தியிருப்பேன், என் குணம் அது. அவர் திட்டவில்லை. "சாயங்காலம் நாலு மணிக்குக் கறிக்கோழி லாரி வருது. நாளைக்குக் காலையில புதுக்குஞ்சு எறங்குது, ஷெட்டு காலியாகோணும். அதுக்குள்ள பட்டியல் வந்தாச் செரி. இல்லீனா கண்ணுல பாத்தே பிரிச்சு ஏத்திருவோம்," என்று சொல்லிவிட்டுப் போனார். மூன்று வருஷ உழைப்பும் அந்த லாரியில் ஏறிப் போய்விடும் என்பதை நான் சொல்லிப் புரியவைக்க வேண்டியதில்லை. அவருக்கே தெரியும்.

கம்ப்யூட்டர் விற்ற மெட்ராஸ் கம்பெனிக்கு டிரங்க் கால் போட்டேன். இன்ஜினீயர் அங்கே பூஜை முடித்த உற்சாகத்தில் பேசினார். டிஸ்க் போய்விட்டது, வேறு மாற்ற வேண்டும், உள்ளே இருந்ததை மறந்துவிட வேண்டும் என்றார். போர்டில் ஏதாவது ஒரு பாகம் மட்டும் ஷார்ட் ஆகியிருக்கலாமே என்று கேட்டேன். "நீங்க ஆபரேட்டர்தானே மேடம்? ஸ்குரூவையெல்லாம் தொடாதீங்க," என்றார். ரிசீவரை வைத்த கையோடு ஸ்குரூ டிரைவரைத் தேடினேன்.

டிஸ்க்கின் அடியில் ஒரு பச்சைப் போர்டு. அதில் நூற்றுக்கு மேல் பாகங்கள். ஐந்து வோல்ட் ஒரு வழியாகவும், மோட்டாருக்கான பன்னிரண்டு வோல்ட் இன்னொரு வழியாகவும் வரும். மோட்டார் ஒரு சுற்றுக்கூட முயலவில்லை என்பதால் பன்னிரண்டைச் சந்தேகப்பட்டேன். மின்சாரம் அளக்கும் என் மீட்டர் சேலத்தில் வீட்டில் கிடந்தது. இருந்திருந்தாலும் ஷார்ட் இருக்கிறது என்று சொல்லியிருக்கும், எங்கே என்று சொல்லாது. போர்டை வெறித்துக்கொண்டு எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தேனோ தெரியவில்லை.

முட்டை வேன் டிரைவர் அண்ணன் டீயோடு வந்தார். "ஃபியூஸ் போறாப்புடியா அம்மிணி?" என்று கேட்டார். ஆமாம், கிட்டத்தட்ட அதுதான் என்றேன்.

"அப்பறம் என்னத்துக்கு ரோசனை? லைட்டு போட்டுப் பாத்தா ஆச்சு."

எங்கள் ஊர்ப்பக்கம் லாரிக்காரர்கள் அத்தனை பேருக்கும் தெரிந்த வித்தை அது. வண்டியில் ஃபியூஸ் திரும்பத் திரும்பப் போனால், ஃபியூஸ் இருந்த இடத்தில் ஒரு பல்பைக் கோத்துவிடுவார்கள். எங்காவது ஷார்ட் இருந்தால் பல்பு முழு வெளிச்சத்தில் எரியும். வயர்களை ஒவ்வொன்றாகக் கழற்றிக்கொண்டே வருவார்கள். எதைக் கழற்றும்போது பல்பு அணைகிறதோ அங்கேதான் கோளாறு. போன மாதம் இவரே நடுரோட்டில் அப்படிச் செய்ததை முட்டை அட்டைகளுக்கு நடுவில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். வேன் பேட்டரி பன்னிரண்டு வோல்ட். டிஸ்க்குக்கு வேண்டியதும் பன்னிரண்டு வோல்ட். இது எனக்கே ஏன் தோன்றவில்லை என்று என் மேலேயே எரிச்சல் வந்தது.

டிஸ்க்கைத் தூக்கிக்கொண்டு வேனுக்குப் போனேன். பேட்டரியிலிருந்து வயர் இழுத்து, நடுவில் ஒரு இண்டிகேட்டர் பல்பைக் கோத்து, போர்டின் பன்னிரண்டு வோல்ட் முனையில் வைத்தேன். பல்பு பளிச்சென்று எரிந்தது. ஷார்ட்தான். ஆனால் வண்டியில் கழற்றுகிற மாதிரி இதில் கழற்ற முடியாது. எல்லாம் ஈயம் வைத்து ஒட்டியது. ஒவ்வொன்றாக வெட்டிக்கொண்டே போனால் கடைசியில் எனக்குப் போர்டே மிஞ்சாது.

அப்போதுதான் படித்தது உதவிக்கு வந்தது. ஷார்ட் ஆன பாகம் வழியாகத்தான் அத்தனை மின்சாரமும் ஓடுகிறது. இன்னும் கொஞ்சம் அதிகம் ஓடவிட்டால் அது சுட வேண்டும். சுடுவதை விரல் கண்டுபிடிக்கும்.

"அண்ணா, ஹெட்லைட் பல்பைக் கழட்டிக் குடுங்க."

"போர்டு கருகிப் போயிருமுங்க அம்மிணி."

"பல்பு எவ்வளவு குடிக்குமோ அதுக்கு மேல ஒரு சொட்டு உள்ள போகாதுண்ணா. அதுதான் காவல்."

நம்பினாரோ இல்லையோ, கழற்றிக் கொடுத்தார். ஹெட்லைட் பல்பு பட்டப்பகலில் கண் கூசுகிற மாதிரி எரிந்தது. விரலை எச்சில் தொட்டு போர்டில் வைத்தேன். எனக்கு முதல் சந்தேகம் மோட்டாரை ஓட்டும் பெரிய டிரான்சிஸ்டர் மேல். பார்க்கவே குற்றவாளி போல இருக்கும். தொட்டால் சில்லென்று இருந்தது. அதன் அண்டை அயலில் உள்ளதெல்லாம் சில்லென்றுதான் இருந்தது. செருகியின் ஓரத்தில் மஞ்சளாக, துவரம்பருப்பு அளவில் ஒரு சின்ன கெப்பாசிட்டர். டான்டலம் வகை. அதன் மேல் விரல் பட்டதும் சுரீர் என்றது. கையை உதறினேன். விரல் நுனியில் கொப்புளம் வந்தது. அத்தனை சந்தோஷமாக நான் வேறு எதிலும் சுட்டுக்கொண்டதில்லை.

மூக்குக் குறடால் அதன் ஒரு காலை வெட்டினேன். ஹெட்லைட் அணைந்தது.

"செத்துருச்சுங்களா?" என்று டிரைவர் அண்ணன் மெதுவாகக் கேட்டார்.

"இல்லீங்கண்ணா. பொழச்சுருச்சு."

அந்தக் கெப்பாசிட்டரின் வேலை வருகிற மின்சாரத்தை அலையில்லாமல் வைப்பது. அது இல்லாமல் கொஞ்ச நேரம் டிஸ்க் ஓடும் என்று ஒரு தைரியத்தில் கம்ப்யூட்டரில் திரும்ப மாட்டினேன். சுவிட்சைப் போட்டேன். காற்றாடி சுற்றியது. டிஸ்க் முனகலாக ஆரம்பித்து, விர்ரென்ற ஒரே சத்தத்துக்கு ஏறி நின்றது. சிவப்பு விளக்கு மினுக்கியது. திரையில் என் ஃபைல்கள் ஒன்றுவிடாமல் வந்தன. நாற்காலியிலிருந்து எழுந்து நின்று சிரித்தேன். கொஞ்சம் அழுதேன் என்றும் சொல்லிவிடலாம்.

பிரிண்டர் கிறீச்சிட்டுப் பட்டியலைத் தள்ளத் தொடங்கும்போதே வெளியே லாரி சத்தம் கேட்டது. தாளைக் கிழித்துக்கொண்டு ஷெட்டுக்கு ஓடினேன். முதலாளி கண்ணால் பிரித்து ஏற்ற ஆரம்பித்திருந்தார். கழுத்தில் இறகு உதிர்ந்து, வால் தேய்ந்து, ஒரு கால் தாங்கலாக இருந்த கோழி ஒன்று கூண்டோடு லாரிமேல் ஏறியிருந்தது. காலிலிருந்த எண்ணைப் படித்துப் பட்டியலைப் பார்த்தேன். அத்தனை கோழியிலும் அதற்கு மூன்றாவது இடம்.

முதலாளி தாளை வாங்கி விரலை வைத்துப் படித்தார். எண்ணை இன்னொரு முறை பார்த்தார். பிறகு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தானே லாரியில் ஏறி, அந்தக் கோழியைத் தூக்கிக்கொண்டு இறங்கினார். "ஏத்துனதெல்லாம் எறக்குங்கப்பா," என்றார். என் சந்தனத்தைப் பற்றி அதன் பிறகு பேச்சில்லை. இரண்டு நாளில் டேப் ரிக்கார்டர் ரிப்பேர் கடையிலிருந்து ஒரு கெப்பாசிட்டர் வாங்கி வைத்து ஒட்டினேன். அதற்குள் புது ஃபிளாப்பிகளில் நகலும் எடுத்தாயிற்று, பொட்டில்லாமல்.

அந்த வாரமே மெட்ராஸிலிருந்து கால் வந்தது. புது டிஸ்க் எப்போது அனுப்பட்டும் என்று இன்ஜினீயர் கேட்டிருக்கிறார். முதலாளிதான் எடுத்தார்.

"டிஸ்க்கெல்லாம் வேண்டாமுங்க. ஓடிக்கிட்டிருக்குது." கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்தார். "அதெல்லாம் எனக்குத் தெரியாதுங்க. எங்க இன்ஜினீயரம்மா இங்கதான் இருக்கறாங்க, அவுங்ககிட்டக் கேளுங்க," என்று ரிசீவரை என்னிடம் நீட்டினார்.

எந்தப் பாகம், எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்று கேட்டார் அவர். ஹெட்லைட் பல்பிலிருந்து ஆரம்பித்தேன். இரண்டு வாக்கியம் போயிருக்கும்.

"ஒரு நிமிஷம் மேடம். பேனா எடுத்துக்கறேன்," என்றார்.

டிரங்க் காலில் நிமிஷத்துக்கு இவ்வளவு என்று காசு ஓடும். இருந்தாலும் நான் அவசரப்படுத்தவில்லை.