ஒக்டோபர் பதினாறின் அம்புக்குறி

"ஒக்டோபர் 16, வியாழன். காலை ஆறரை. → கடல் நடுத்தரம். மழை இல்லை."

என் காற்றுக் குறிப்புகளின் ஒன்பதாம் கொப்பியில் அந்த நாளுக்கு இருப்பது இவ்வளவுதான். அம்பின் முனை கிழக்கைப் பார்க்கிறது. கோடு நேராக, அழுத்தமாக இருக்கிறது. எழுதியபோது எனக்கு எந்தச் சந்தேகமும் இருக்கவில்லை.

ஊர்காவற்துறையில் எங்கள் வீட்டிலிருந்து கடல் ஐந்து நிமிட நடை. தினமும் காலையில் போய்ப் பார்த்து ஒரு வரி எழுதுவேன். யாரும் கேட்டு எழுதுவதல்ல.

அந்த வியாழக்கிழமை அயல்வீட்டுப் பெண்ணின் தமையன் தனியாகக் கடலுக்குப் போனார். இயந்திரம் நின்றுவிட்டதென்று கைபேசியில் ஒருமுறை சொன்னார். பிறகு பேச்சில்லை. தேடியும் ஆளோ படகோ கிடைக்கவில்லை. மேற்கிலிருந்து வீசும் கச்சான் அடித்திருந்தால் படகு தீவுகளின் பக்கம்தான் தள்ளப்பட்டிருக்கும். யார் கண்ணிலும் படவில்லையென்றால் கவிழ்ந்திருக்க வேண்டும். கிழக்கிலிருந்து வீசும் கொண்டல் என்றால் இந்தியக் கரைப்பக்கம் கொண்டுபோயிருக்கும். யாராவது அவரை ஏற்றியிருக்கலாம். அன்று கடலில் நின்றவர்கள் ஆளுக்கொரு காற்றைச் சொன்னார்கள். ஒக்டோபரில் காற்று ஒரு நிலையில் நிற்பதில்லை.

இரண்டு வருடம் கழித்து அந்தப் பெண் என்னிடம் வந்து கேட்டார். கொப்பியைத் திறந்து பார்த்து, "கொண்டல்" என்றேன். அதன் பிறகு, இறந்தவர்களுக்குக் கொடுக்கும் ஆத்தும இளைப்பாற்றிப் பூசையைத் தமையனுக்காகக் கொடுக்க அவர் சம்மதிக்கவே இல்லை. ஒவ்வொரு ஒக்டோபரிலும் தமையனின் சுகத்துக்காகத்தான் பூசை.

இந்த வருடம் பங்குனியில் யாழ்ப்பாண நகரத்திலிருந்து ஒரு பெண் வந்தார். கடற்றொழிலாளருக்குக் காற்றின் நிலையைச் சொல்லும் கைபேசிச் செயலி ஒன்றை அவருடைய சிறு குழு செய்துகொண்டிருந்தது. காற்றுகளின் தமிழ்ப் பெயர்களைச் சரிபார்க்க என்னைத் தேடி வந்திருந்தார். தன் வேலைக்குப் பயனர் அனுபவ வடிவமைப்பு என்று பெயர் சொன்னார்.

"ஆப் வடிவா இருக்குதோ எண்டு பாக்கிறதோ?" என்று கேட்டேன்.

"அது கடைசியில, ஐயா. பாக்கிற ஆள் என்ன விளங்கிக்கொள்ளுது எண்டு பாக்கிறதுதான் முதல் வேலை."

மறுநாள் இறங்குதுறையில் அவரோடு நின்றேன். செயலியின் திரையைக் கடதாசியில் அச்சடித்துக் கொண்டுவந்திருந்தார். நடுவில் ஓர் அம்பு, முனை கிழக்குப் பக்கம். வலையில் சிக்கெடுத்துக்கொண்டிருந்த ஆறு பேரிடம் தனித்தனியாகக் காட்டி, "இது என்ன காத்து, அண்ணை?" என்று மட்டும் கேட்டார். நாலு பேர் கச்சான் என்றார்கள். இரண்டு பேர் கொண்டல் என்றார்கள். பிறகு தங்களுக்குள் சண்டை தொடங்கியது.

"அம்பு போற பக்கந்தானே காத்துப் போகும், மொக்கா!"

"கச்சான் எங்கயிருந்து வருது? மேற்கால. அப்ப மேற்கைத்தானே காட்டவேணும்? இது கிழக்கையெல்லோ காட்டுது!"

"பிள்ளை, உவனைக் கேளாதையும். உவன் மனுசி காட்டுற பக்கம் போறவன். உவனுக்கு அம்பும் தேவையில்லை, ஆப்பும் தேவையில்லை."

எல்லோரும் சிரித்தார்கள். அந்தப் பெண் சிரித்துக்கொண்டே அம்பின்மேல் குறுக்குக் கோடு போட்டார். "பிழை அவையில இல்லை ஐயா. எங்கட படத்தில."

எனக்கு அது மிகையாகப் பட்டது. "நானும் இவ்வளவு காலமா அம்புதான் போடுறன். ஒருநாளும் மாறிப் போனதில்லை" என்றேன்.

"உங்கட அம்பு எந்தப் பக்கத்தைக் காட்டும்?"

"காத்து வாற பக்கத்தை."

முதற்கொப்பியின் உள்ளட்டையில் அந்த விதியை நானே எழுதியிருக்கிறேன். அவருக்குக் காட்டலாமென்று அன்று பின்னேரம் அதை எடுத்தேன். சும்மா கடைசிக் கொப்பியையும் புரட்டினேன். போன யூலை முழுவதும் அம்பு வடகிழக்கைக் காட்டியது. யூலையில் எங்கள் தீவுகளில் வீசுவது தென்மேற்கிலிருந்து வரும் சோளகம். என் அம்பு, காற்று போகும் பக்கத்தைக் காட்டிக்கொண்டிருந்தது.

கொப்பிகளை வரிசையாக அடுக்கி ஒவ்வொரு வருடத்து யூலையையும் டிசம்பரையும் பார்த்தேன். அந்த மாதங்களில் காற்று எதுவென்பதில் ஐயமில்லை. எட்டாம் கொப்பிவரை பழைய வழக்கம்: காற்று வரும் பக்கம். ஒன்பதாம் கொப்பியில், யூலையில் பழைய வழக்கம். டிசம்பரில் புதிய வழக்கம்: காற்று போகும் பக்கம். இடையில் ஏதோ ஒரு நாளில் என் கை மாறியிருக்கிறது. அது ஒக்டோபர் 16க்கு முன்னரா பின்னரா என்று கொப்பி சொல்லவில்லை. அந்தச் செப்டெம்பரில் வீட்டுக்குத் தொலைக்காட்சி வாங்கினோம். அதில் வானிலை சொல்லும்போது காற்றை ஓடும் அம்பாகக் காட்டுவார்கள். காரணம் அதுவாக இருக்கலாம், நிச்சயமில்லை.

சொல்லப் போக எனக்கு ஒன்பது நாள் எடுத்தது. அயல்வீட்டுப் பெண் குசினியில் மீன் வெட்டிக்கொண்டிருந்தார். கொப்பியை விரித்து நடந்ததைச் சொன்னேன். கையைக் கழுவித் துடைத்துவிட்டு வந்து அந்த அம்பைப் பார்த்தார்.

"அப்ப கச்சானோ, அண்ணை?"

"அதுவும் சொல்ல ஏலாது, தங்கச்சி."

"இவ்வளவு கொப்பியை வைச்சுக்கொண்டோ?"

"ஓம்."

"ஒரு கோணல் அம்பை நம்பி இத்தனை வருசம் மெழுகுதிரி கொளுத்தியிருக்கிறன்." சிரிக்கப் பார்த்தார்; முடியவில்லை. "இனி நான் பூசையை எதுக்கெண்டு குடுக்கிறது? சுகத்துக்கோ, ஆத்துமத்துக்கோ?"

கொப்பியை மூடிக்கொண்டு எழும்பினேன். கதவுவரை வந்தவர், "கச்சான் எண்டு ஊரில சொல்லிப்போடாதேங்கோ" என்றார். "தெரியாதெண்டா தெரியாதெண்டே இருக்கட்டும்."

செயலியில் இப்போது அம்பு இல்லை. "கச்சான்" என்று பெரிதாக எழுதி, கீழே "மேற்கிலிருந்து வீசுகிறது" என்று போட்டிருக்கிறார்கள். பக்கத்தில், காற்று தள்ளிக்கொண்டு போகும் ஒரு சின்னப் படகு. மீண்டும் இறங்குதுறையில் காட்டியபோது ஆறு பேரும் ஒன்றையே சொன்னார்கள். இப்போது நானும் காற்றின் பெயரை எழுத்தில் எழுதுகிறேன்.

ஒன்பதாம் கொப்பியில் அந்த அம்பின் அருகே பென்சிலால் ஒரு கேள்விக்குறி போட்டிருக்கிறேன். அன்றைய பதிவு இருக்கிறதா என்று வானிலை அலுவலகத்துக்கு இரண்டு கடிதம் எழுதினேன். இதை எழுதும்வரை பதில் வரவில்லை. அந்த ஒக்டோபர் 16 காலை காற்று மேற்கிலிருந்து வீசியதா, கிழக்கிலிருந்து வீசியதா என்பது உறுதிப்படுத்தப்படவில்லை.